டவர் அட்டை வந்தால் வீடு இடியுமா? டாரட்டின் 16-ஆம் அட்டை பற்றி ஒரு விளக்கம்

படம் போட்ட அட்டைகளை எடுத்துப் பலன் பார்ப்பதுதான் டாரட். மும்பையில் இன்று அது ஜாதகம் பார்ப்பதைப் போலச் சாதாரணமாகிவிட்டது. மாலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பார்க்கிறார்கள், வீடியோ காலில் பார்க்கிறார்கள், சொந்தமாக ஓர் அட்டைக் கட்டு வாங்கி வைத்துக்கொண்டு தினம் ஓர் அட்டை எடுத்தும் பார்க்கிறார்கள். செம்பூர், மாட்டுங்கா, சயான் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. கூடவே ஒரு குழப்பமும் வந்திருக்கிறது. பிடிக்காத ஓர் அட்டை திரும்பத் திரும்ப வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

எனக்கு நெருக்கமான ஒரு குடும்பம் செம்பூரில் பழைய சொசைட்டிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது, அதாவது பழையதை இடித்துவிட்டு பில்டர் புதிதாகக் கட்டித் தருவார். அந்த வீட்டு அக்கா தினமும் காலையில் ஓர் அட்டை எடுப்பவர். பில்டரோடு ஒப்பந்தம் போடலாமா என்று கேட்டு எடுத்த அன்று வந்தது டவர், அதாவது கோபுரம். இடி விழுந்து கட்டடம் எரிய, இரண்டு பேர் தலைகீழாக விழும் படம். சில நாள் கழித்து மறுபடியும் அதே அட்டை. போனில் தேடினால் ஓரிடத்தில் பேரழிவு என்று இருந்தது, இன்னோரிடத்தில் விடுதலை என்று இருந்தது. அவருடைய மாமியார், “எந்திரிச்சதும் இடியுற வீட்டையா பாக்கணும்?” என்று அட்டைக் கட்டைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டைக்கு எதிர்காலம் தெரியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட அட்டை நம்மைக் கலங்கடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. சிலது வரலாற்றில் இருக்கிறது, சிலது கணக்கில் இருக்கிறது, சிலது நம் வீட்டுப் பழக்கத்தில் இருக்கிறது. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் பயத்தில் எவ்வளவு அட்டையுடையது, எவ்வளவு நம்முடையது என்று தெரியும்.

முதலில் அடிப்படை

டாரட் கட்டில் 78 அட்டைகள். அதில் 22 அட்டைகள் மேஜர் அர்கானா எனப்படும் பெரிய அட்டைகள். டெத், டெவில், டவர், ஸ்டார், சன் எல்லாம் இதில் வரும். மீதி 56 மைனர் அர்கானா. இவை கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு வகை, வகைக்கு 14. நாம் ரம்மி ஆடும் சீட்டுக் கட்டின் நெருங்கிய சொந்தம் என்றே இந்த 56-ஐச் சொல்லலாம்.

அட்டைகளைக் கலைத்து மேஜையில் அடுக்கும் முறைக்கு விரிப்பு என்று பெயர். ஓர் அட்டை, மூன்று அட்டை, பத்து அட்டை விரிப்புகள் அதிகம் புழங்குகின்றன. அட்டை தலைகீழாக வந்தால் அதற்குத் தனிப் பொருள் சொல்பவர்களும் உண்டு, கண்டுகொள்ளாதவர்களும் உண்டு.

பெரிய அட்டைகளில் 13 டெத், 15 டெவில், 16 டவர். மைனரில் மூன்று வாள், ஒன்பது வாள், பத்து வாள், ஐந்து நாணயம். பலரும் வெறுக்கும் அட்டைகள் இந்த ஏழும்தான். இந்தப் பட்டியல் பின்னால் கணக்குக்கு வேண்டும்.

340 வருஷம் இது நல்ல சீட்டு

டாரட் பிறந்தது 15-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துக் குறிப்பு 1440-ஆம் ஆண்டுக்குரியது, ஃபுளோரன்ஸ் பகுதியிலிருந்து. அப்போது இது குறி பார்க்கும் சாதனம் கிடையாது. நான்கு பேர் உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டம். நாம் 28, 304 ஆடும்போது துருப்பு என்று ஒன்று வைத்துக்கொள்வோமே, அதுபோல இந்த ஆட்டத்தில் பெரிய அட்டைகள் நிரந்தரத் துருப்பு. எண் கூடக் கூட வலு கூடும். 15-ஐ 16 வெட்டும், 16-ஐ 17 வெட்டும்.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 16-ஆம் சீட்டு கையில் வந்தால் ஆடுபவருக்குச் சந்தோஷம்தான். எதிராளியின் டெவிலையும் டெத்தையும் வெட்டித் தூக்கக்கூடிய சீட்டு அது. இன்றைக்கு நாம் பார்த்துப் பயப்படும் டவர், முதல் 340 வருஷம் யாரோ ஒருவருடைய நல்ல கையாக இருந்திருக்கிறது. பிரான்ஸில் இந்த ஆட்டத்தை இன்றும் ஆடுகிறார்கள். அங்கே 16 வந்தால் யாரும் வீட்டை நினைத்துக் கலங்குவதில்லை.

பழைய கட்டுகளில் படமும் ஒரே மாதிரி இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் பாரீஸில் வியெவில் என்பவர் அச்சிட்ட கட்டில் 16-ஆம் அட்டையில் கட்டடமே கிடையாது. ஒரு மரம், கீழே மேய்ப்பன், மேலேயிருந்து இறங்கும் நெருப்பு. 18-ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கட்டுகளிலும் மரம்தான். அடிப்படையில் இது வானத்திலிருந்து வரும் நெருப்பைக் காட்டும் அட்டை. அடுத்து வரும் மூன்றும் நட்சத்திரம், நிலா, சூரியன். வானத்து வெளிச்சங்கள் ஒன்றைவிட ஒன்று பெரிதாகும் வரிசையில் மின்னல் முதல் படி என்று பார்ப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இன்னொரு விஷயம் அடிக்கடி மர்மமாகச் சொல்லப்படும். மிலான் ஆட்சியாளர் குடும்பத்துக்காக 15-ஆம் நூற்றாண்டில் கையால் தீட்டப்பட்ட ஒரு கட்டில் இன்று 74 அட்டைகள்தான் மிஞ்சியிருக்கின்றன. இல்லாத நான்கு: டெவில், டவர், மூன்று வாள், நாணய வீரன். முதல் மூன்றைக் கேட்டதும் உடம்பு சிலிர்க்கும். நான்காவதைக் கேட்டால் சிலிர்ப்பு நின்றுவிடும். குதிரைமேல் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு வீரனை யாரும் பயந்து ஒளித்து வைக்கப் போவதில்லை. 500 வருஷத்துக்கு மேலான காகிதத்தில் நாலு தாள் தொலைவதற்குச் சாபம் தேவையில்லை.

பொருள் எப்போது ஏறியது?

இதில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன.

1. 1781-இல் பிரான்ஸில் கூர் த ஜெபலின் என்ற அறிஞர், டாரட் என்பது பழைய எகிப்தியப் பூசாரிகள் மறைத்து வைத்த ஞானநூல் என்று எழுதினார். ஆதாரம் எதுவும் இல்லை. எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியோன் கண்டுபிடித்ததே 1822-இல்தான். ஆனாலும் கதை பிடித்துக்கொண்டது. 1785-இல் எத்தெய்யா என்ற புனைபெயரில் ஒருவர் ஒவ்வோர் அட்டைக்கும் நேராக ஒரு பொருள், தலைகீழாக ஒரு பொருள் என்று பட்டியல் போட்டார்.

2. 1888-இல் லண்டனில் கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கம் தொடங்கியது. அவர்கள் ஒவ்வொரு பெரிய அட்டைக்கும் ஓர் ஹீப்ரு எழுத்தையும், ஒரு கிரகத்தையோ ராசியையோ நீர், நெருப்பு போன்ற பூதத்தையோ கட்டிவிட்டார்கள். டவருக்குக் கிடைத்தது செவ்வாய். இதை மறக்க வேண்டாம், பின்னால் வருகிறது.

3. அந்தச் சங்கத்தில் இருந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் வழிகாட்ட, பமீலா கோல்மன் ஸ்மித் படம் வரைய, 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் ஒரு கட்டை வெளியிட்டது. இன்று மும்பைக் கடைகளில் கிடைக்கும் கட்டுகளில் பெரும்பாலானவை அதுவே, அல்லது அதைப் பார்த்து வரைந்தவை.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மைப் பயமுறுத்தும் படம் ஸ்மித்தின் கையிலிருந்து வந்தது. அப்போது அவருக்கு வயது 31. நாடக மேடைக்காக வேலை செய்தவர். சில மாதங்களுக்குள் மொத்தக் கட்டையும் வரைந்து முடித்தார். வேலை பெரிது, கிடைத்த பணம் மிகக் குறைவு என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். 1951-இல் கடனோடு இறந்துபோனார். உலகம் முழுக்க விற்கும் கட்டுக்கு நீண்ட காலம் அவர் பெயரே ஒட்டவில்லை, வெயிட் பெயரும் கம்பெனி பெயரும்தான் ஒட்டியிருந்தன. இது அநியாயம். இப்போது பலர் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள், அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அவர் வரைந்த டவரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பின்னணி முழுக் கறுப்பு. செங்குத்தான பாறை உச்சியில் சாம்பல் நிறக் கட்டடம். மேலே வலப்பக்கத்திலிருந்து வளைந்து வரும் மின்னல் கட்டடத்தின் தலையில் இருந்த பெரிய கிரீடத்தைத் தட்டிவிடுகிறது. மூன்று ஜன்னல்களிலும் நெருப்பு. இருபுறமும் சிறு சிறு தீத்துளிகள் காற்றில் நிற்கின்றன, மொத்தம் 22. இரண்டு பேர் விழுகிறார்கள், ஒருவர் தலையில் இன்னும் கிரீடம் இருக்கிறது. தரை தெரியவில்லை. மேடைக் காட்சிக்கு விளக்குப் போடத் தெரிந்தவர் வரைந்த படம் இது. பார்த்தவுடன் நெஞ்சில் இறங்க வேண்டும் என்றே வரைந்திருக்கிறார், இறங்குகிறது.

வெயிட் எழுதிய விளக்கமும் இளகிய மனசுக்கானதில்லை. துன்பம், வறுமை, அவமானம், ஏமாற்று, நாசம் என்று அடுக்கி, எதிர்பாராத பேரிடரின் அட்டை என்று குறிப்பாகச் சொல்கிறார். தலைகீழாக வந்தால் அதே பலன், கொஞ்சம் குறைவாக. அதாவது எப்படி வந்தாலும் தப்பிக்க இடம் வைக்கவில்லை.

1970-களுக்குப் பிறகு டாரட்டை மனோதத்துவக் கண்ணோடு படிப்பவர்கள் பெருகினார்கள். அவர்கள் இந்தப் பொருளைத் திருப்பினார்கள்: பொய்யான அஸ்திவாரம் உடைகிறது, சிறை போன்ற கட்டடத்திலிருந்து வெளியே வருகிறோம், விடுதலை. செம்பூர் அக்கா போனில் பார்த்த இரண்டு விடைகளும் இந்த இரண்டு காலங்களைச் சேர்ந்தவை. ஒரே அட்டையின் இரண்டு பக்கங்கள் என்று அவற்றை ஒட்டவைக்க முயன்றதுதான் அவரைக் குழப்பியது.

எனக்கு இரண்டுமே முழுசாக ஒப்பவில்லை. நாசம் என்று தீர்ப்புச் சொல்வதற்கு அட்டைக்கு ஆதாரம் இல்லை. எல்லாம் நல்லதுக்கே என்று மழுப்புவதும் சரியில்லை. படத்தில் இரண்டு பேர் விழுந்துகொண்டிருக்கிறார்கள், விழுகிறவருக்கு அது விடுதலை என்று பக்கத்தில் நின்று சொல்வது கொடுமை. படம் ஒரு வகை நிகழ்வைக் காட்டுகிறது: திடீரென்று, வெளியிலிருந்து, நாம் உறுதி என்று நம்பிய ஒன்றின்மேல் விழுகிற அடி. அப்படிப்பட்ட நிகழ்வுகள் உலகில் உண்டு. அது உங்களுக்கு வரும் என்றோ, இந்த மாதம் வரும் என்றோ படத்தில் எங்கேயும் எழுதியில்லை.

திரும்பத் திரும்ப வருவதன் கணக்கு

“ஒரு தடவை வந்தா சரி, மறுபடியும் ஏன் அதே வருது?” இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. நன்றாகக் கலைத்த 78-இல் ஓர் அட்டை எடுத்தால் அது டவராக இருக்கும் வாய்ப்பு 1.3 சதவீதம். பத்து அட்டை விரிப்பில் அது எங்கேயாவது இருக்கும் வாய்ப்பு 12.8 சதவீதம்.

2. தினம் ஓர் அட்டை எடுத்துத் திரும்பக் கட்டில் சேர்த்தால், 30 நாளில் டவர் ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு 32 சதவீதம். இரண்டு தடவைக்குக் குறையாமல் வருவது 5.6 சதவீதம், ஏறக்குறைய பதினெட்டில் ஒன்று. அபூர்வம் என்று சொல்ல முடியாது.

3. அதே 30 நாளில், எதுவாக இருந்தாலும் ஏதாவது ஓர் அட்டை இரண்டு தடவை வரும் வாய்ப்பு 99 சதவீதத்துக்கும் மேல். அதாவது திரும்ப வருவதுதான் இயல்பு. மூன்று கோப்பை இரண்டு முறை வந்தால் நாம் கவனிப்பதில்லை; டவர் வந்தால் தேதியோடு நினைவில் நிற்கிறது.

4. பலரும் வெறுக்கும் ஏழு அட்டைகள் என்று மேலே சொன்னேன். மூன்று அட்டை விரிப்பில் அவற்றில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 25 சதவீதம். பத்து அட்டை விரிப்பில் 63 சதவீதம். பத்து அட்டை போட்டுப் பார்க்கும் மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் ஏதோ ஒரு கெட்ட படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

இவை எல்லாம் நன்றாகக் கலைத்தால் வரும் எண்கள். வீட்டில் யாரும் நன்றாகக் கலைப்பதில்லை. சாதாரணச் சீட்டுக் கட்டு 52-ஐ இரண்டாகப் பிரித்து விரலால் சரசரவென்று கோத்துக் கலைத்தால், முழுசாகக் கலைய ஏழு தடவையாவது வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992-இல் காட்டினார்கள். டாரட் அட்டை பெரிது, கட்டும் தடிமன், முனை மடங்கிவிடும் என்று மெதுவாக இங்கும் அங்கும் மாற்றி வைப்பதோடு விட்டுவிடுகிறோம். நேற்று எடுத்ததை மேலே வைத்துவிட்டு இன்று லேசாகக் கலைத்தால், அது மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். ஓர் அட்டை துரத்துகிறது என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது கலைக்கும் விதத்தை.

பொருத்தமாக இருப்பது எப்படி?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வாய்ப்புக் கணக்கு சரி, ஆனால் வீட்டைப் பற்றிக் கேட்டபோது வீடு இடியும் படம் வந்ததே?

ரீடெவலப்மென்ட் என்றால் பழைய கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு டவர் பொருந்தாமல் எப்படி இருக்கும்? ஆனால் அதே கேள்விக்குப் பத்து நாணயம் வந்திருந்தால், தாத்தா முதல் பேரன் வரை மூன்று தலைமுறை நிற்கும் வீட்டுவாசல் படம், அதுவும் பொருந்தும். ஐந்து நாணயம் வந்தால் பனியில் ஒளிரும் ஜன்னலுக்கு வெளியே நடக்கும் இரண்டு ஏழைகள். வாடகை வீட்டில் அலையப் போகிறோம் என்று பொருந்தும். நான்கு கோல் வந்தால் மாலை கட்டிய நான்கு கம்பமும் பின்னால் ஒரு கோட்டையும். கிருகப்பிரவேசம் என்று பொருந்தும். பொருந்தாத அட்டையைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியது என்று சொல்லி ஒரு குண விவரிப்பைக் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதிலிருந்த வரிகள் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு சரியாக இருக்கிறது என்று மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 5-க்கு 4.26. பொதுவாகச் சொல்லப்பட்டதை நமக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்ளும் இந்த இயல்பு எல்லாருக்கும் உண்டு, படித்தவர் படிக்காதவர் வித்தியாசமில்லை.

நம் வீட்டுப் பழக்கம் சேர்க்கும் பயம்

தமிழ் வீட்டில் வளர்ந்தவர்கள் டாரட்டைப் பார்ப்பது லண்டன்காரர் பார்ப்பதுபோல இருக்காது. நாம் ஏற்கெனவே குறி, சகுனம், தோஷம், பரிகாரம் என்று ஒரு முழு அமைப்பைத் தெரிந்து வைத்திருக்கிறோம். புது அட்டையை அந்தப் பழைய அமைப்புக்குள் வைத்துத்தான் படிக்கிறோம். அங்கேதான் மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, தேதி. ஏழரைச் சனி எல்லார் வாழ்விலும் வருவது. எப்போது தொடங்கும், எப்போது விடும் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. நம்புகிறவர்கள் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பதற்குக் காரணமே அந்த முடிவு தேதிதான். டவருக்குத் தேதி கிடையாது. கெட்ட காலம் என்று எடுத்துக்கொண்டால் எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டியதுதான். செம்பூர் அக்காவை வாட்டியது இதுதான் என்று நினைக்கிறேன். இடி எப்போது விழும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது, பொருளை எப்போது முடிவு செய்கிறோம் என்பது. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும்போது, வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே மனசுக்குள் சொல்லிவிடுவோம். குழந்தை எடுத்துக் கொடுத்ததும் விடை தெரிந்துவிடும், அதற்குமேல் புரண்டு படுக்க ஒன்றுமில்லை. டாரட்டில் தலைகீழ். முதலில் படம், அப்புறம் பொருள். பொருள் பிறகு வருவதால் அது நீண்டுகொண்டே போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் புதுசாக ஓர் அர்த்தம் தோன்றும். கிளி ஜோசியத்தில்கூட கிளி எடுத்த படத்துக்குப் பலன் சொல்ல எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், சொல்லி முடித்ததும் கிளி கூண்டுக்குள் போய்விடும். தனியாகத் தானே அட்டை எடுப்பவருக்கு முடித்துவைக்க ஆளில்லை.

மூன்றாவது, கலப்பு. கோல்டன் டான் சங்கம் டவருக்குச் செவ்வாயைக் கொடுத்தது என்று சொன்னேன். நம் ஜோசியத்தில் செவ்வாய் பூமிகாரகன், நிலமும் வீடும் அவன் கையில். கூடவே செவ்வாய் தோஷம் என்ற பெரிய கவலையும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்த ஒருவர், “டவர் வந்திருக்கு, செவ்வாய் சரியில்லை, வீட்டு விஷயத்துல கை வைக்காதீங்க” என்று சொன்னால் கேட்பவருக்கு இரண்டு சாட்சி ஒன்றாகச் சொன்னதுபோல இருக்கும். ஆனால் ஜாதகத்தில் செவ்வாய் எங்கே இருக்கிறது என்பது பிறந்த நேரத்தை வைத்துக் கணிப்பது. அட்டைக்குச் செவ்வாய் வந்தது 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் சிலர் உட்கார்ந்து போட்ட பட்டியலில். ஒன்று இன்னொன்றை உறுதிப்படுத்தாது.

பிடிக்காத அட்டையை எப்படிப் படிக்கலாம்?

டாரட்டை விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் நான் சொல்லப் போவதில்லை. படம் பார்த்து யோசிப்பது பலருக்கு உதவுகிறது. வெறுக்கும் அட்டையிலும் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: உங்கள் கண் படத்தில் எங்கே போய் நிற்கிறது என்பது. அது அட்டையைப் பற்றிய தகவல் அல்ல, உங்களைப் பற்றிய தகவல்.

செம்பூர் அக்காவிடம் டவர் அட்டையில் எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். மின்னலையோ நெருப்பையோ அவர் சொல்லவில்லை. “விழுறவங்க கையில ஒரு பைகூட இல்லையே” என்றார். அதிலிருந்து பேச்சு வேறு பக்கம் போனது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும். அந்த வாடகையைப் பில்டர் தர வேண்டும். பாதியில் அவர் நிறுத்திவிட்டால்? வேலையே நின்றுவிட்டால்? பழைய வீடும் இல்லை, புது வீடும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. மும்பையில் இது வெறும் கற்பனைப் பயம் கிடையாது. பாதியில் நின்ற கட்டடங்களையும், வருஷக்கணக்கில் வாடகை வீட்டில் காத்திருக்கும் குடும்பங்களையும் இந்த ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு விடை ஒப்பந்தத் தாள்களில் இருக்கிறது. மகாராஷ்டிராவில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் ரீடெவலப்மென்ட்டுக்கு 79ஏ என்ற வழிகாட்டு நெறிகள் உண்டு. 2019 ஜூலை 4 அன்று மாநில அரசு அவற்றைத் திருத்தி வெளியிட்டது. பில்டரைத் தேர்ந்தெடுக்கும் பொதுக்குழு எப்படி நடக்க வேண்டும், பதிவாளர் அலுவலகத்தின் பங்கு என்ன என்றெல்லாம் அதில் வருகிறது. கமிட்டியிடம் கேட்க வேண்டியவை எளிமையானவை: பேங்க் கேரண்டி எவ்வளவு, எது வரைக்கும் செல்லும்? வாடகைப் பணம் எத்தனை மாதத்துக்கு முன்கூட்டியே வரும்? தாமதமானால் என்ன அபராதம்? புது வீட்டின் கார்ப்பெட் ஏரியா ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதியிருக்கிறதா? பில்டரின் முந்தைய வேலைகள் மகாரேரா (மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் எப்படி இருக்கின்றன? இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்துக் கையெழுத்துப் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

தொடர்ந்து அட்டை எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை இரண்டுதான்.

1. ஆம், இல்லை என்று விடை வரும் கேள்வியை அட்டையிடம் கேட்க வேண்டாம். “கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்டால் டவர் மிரட்டும். “இதில் நான் எதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்?” என்று கேட்டால் அதே டவர் யோசிக்க வைக்கும்.

2. பூக்கட்டிப் பார்ப்பதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கேள்விக்கு இந்த அட்டையை இன்றைக்கு ஒரு தடவைதான் பார்ப்பேன் என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டு எடுக்க வேண்டும். தோன்றியதை இரண்டு வரி எழுதிக் கட்டை மூடிவிட வேண்டும். பிடிக்கவில்லை என்று இன்னோர் அட்டை, அதற்கு விளக்கம் கேட்டு மூன்றாவது அட்டை என்று போனால் 63 சதவீதக் கணக்குக்குள்தான் போய்ச் சேர்வோம்.

அட்டையால் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது டாரட் விஷயம் இல்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416-ஐ அழைத்துப் பேசலாம், கட்டணம் கிடையாது.

பரிகாரத்துக்குப் பணம் கேட்டால்

கோல்டன் டான் பட்டியலிலும் வெயிட்டின் விளக்கத்திலும் பரிகாரம் என்ற ஒன்று கிடையாது. கெட்ட அட்டையைச் சரிசெய்ய ஸ்படிகம் வாங்கு, மெழுகுவர்த்தி ஏற்று, இத்தனை ஆயிரம் கட்டு என்று ஒருவர் சொன்னால், அது அவர் சேர்த்த விற்பனைச் சரக்கு. கேட்பவர் மனசில் தோஷம் என்றால் பரிகாரம் உண்டு என்ற பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் விற்பனை சுலபமாக நடக்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. கோயிலில் நெய்விளக்கு ஏற்றுவதற்கு ஆகும் செலவு எல்லாருக்கும் தெரியும். பயந்துபோன ஒருவரிடம் அவர் பயத்தின் அளவுக்குத் தகுந்தபடி விலை சொல்வது வேறு ரகம்.

மகாராஷ்டிராவில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் இருக்கிறது. மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவர் பல வருஷம் போராடிக் கேட்ட சூனிய ஒழிப்புச் சட்டம் அந்த ஆண்டே வந்தது. ஜோசியம் சொல்வதையோ அட்டை பார்ப்பதையோ அந்தச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் தன்னிடம் தெய்வீக சக்தி இருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்துவதும், நான் சொல்வதைக் கேட்காவிட்டால் கெடுதல் வரும் என்று மிரட்டுவதும் அதன் பட்டியலில் இருக்கும் குற்றங்கள். ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மிரட்டிய குரல் பதிவையும் பணம் போன ரசீதையும் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகலாம்.

அட்டையை எடுத்துப் போட்டுவிடலாமா?

போடலாம். பிடிக்காத அட்டையை மாற்றுவது டாரட் வரலாற்றில் பழைய வழக்கம். 1725-இல் இத்தாலியின் போலோன்யாவில் திருச்சபை அதிகாரிகளின் கோபத்தால் பேரரசர், போப் முதலிய நான்கு அட்டைகளை எடுத்துவிட்டு மூர்கள் எனப்படும் வட ஆப்பிரிக்கர் நால்வரின் படங்களை வைத்தார்கள். சிசிலிக் கட்டில் டெவிலுக்குப் பதிலாகக் கப்பல் இருக்கிறது.

ஆனால் கணக்கில் பெரிய லாபம் இல்லை. டவரை நீக்கி 77 அட்டையோடு பத்து அட்டை விரிப்புப் போட்டால், மீதியிருக்கும் ஆறு கெட்ட அட்டைகளில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 58 சதவீதம். 63-லிருந்து அவ்வளவுதான் இறங்குகிறது.

படம்தான் பொறுக்கவில்லை என்றால் மார்செய் என்ற பழைய பிரெஞ்சுப் பாணிக் கட்டு ஒன்றை வாங்கிப் பார்க்கலாம். அதிலும் 16-ஆம் அட்டை டவர்தான். ஆனால் கறுப்பு வானம் கிடையாது. வண்ண வண்ணக் கோலிகள் காற்றில் மிதக்கின்றன, கீழே செடி முளைத்த தரை தெரிகிறது, விழுகிறவர்களின் கை தரையைத் தொட்டிருக்கிறது.